பதினெட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியை என்ன செய்வது?

ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர், பதினெட்டுப் பிள்ளைகள். தமிழ்நாட்டில் எந்த ஒன்றியத்துக்குப் போனாலும் இப்படி ஒரு தொடக்கப் பள்ளி இருக்கும். கட்டடத்துக்குக் குறை சொல்ல முடியாது. சுற்றுச்சுவர் உண்டு, கழிப்பறை உண்டு, சில இடங்களில் கணினித் திரையோடு வகுப்பறையும் வந்துவிட்டது. பிள்ளைகள்தான் இல்லை. ஒவ்வொரு வருடமும் கோடை விடுமுறைக்கு முன்பு ஆசிரியர்கள் பேனரைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகச் சேர்க்கைப் பேரணி போகிறார்கள். ஜூனில் எமிஸில், அதாவது பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், எண்ணிக்கை ஏற்றும்போது போன வருடத்தைவிட இரண்டு குறைந்திருக்கிறது. அப்புறம் அந்தப் பேச்சு தொடங்கும்: இதைப் பக்கத்து ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டால் என்ன?

அந்தப் பேச்சு நடக்கும் ஊர்களில் பெற்றோராகவோ, பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினராகவோ இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இறுதி முடிவு துறையின் கையில்தான். ஆனாலும் ஊர் ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் எமிஸ் எண்ணிக்கையே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்வியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த பள்ளிக்குப் போகும் பாதை எப்படி, போக வேண்டிய பிள்ளைக்கு என்ன வயது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் எல்லா ஊருக்கும் ஒரே விடை வராது.

பள்ளி ஏன் சுருங்கியது என்று தெரியாமல் வழி தேடினால் தவறான வழிதான் கிடைக்கும். முதல் காரணம், பிள்ளைகளே குறைவாகப் பிறக்கிறார்கள். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் பிள்ளைகள், 1.8. மக்கள்தொகை அப்படியே நிலைக்க 2.1 வேண்டும். ஒரு தெருவில் நாலு தொட்டில் ஆடிய இடத்தில் இப்போது இரண்டு. இதற்கு எந்தத் தலைமையாசிரியரும் பொறுப்பில்லை. இரண்டாவது காரணம் வேன். தனியார் நர்சரிப் பள்ளி மூன்றரை வயதிலேயே எல்.கே.ஜி.க்கு வாசலில் வந்து ஏற்றிக்கொள்கிறது. அரசுப் பள்ளி ஐந்து வயது முடியும்வரை காத்திருக்கிறது. அதற்குள் பிள்ளைக்குச் சீருடையும் சிநேகிதர்களும் அங்கே அமைந்துவிடுகின்றன. மூன்றாவதாக, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீடு. ஏழைப் பிள்ளைக்குத் தனியார் பள்ளியில் இடம் கொடுத்து, கட்டணத்தை அரசே கட்டுகிறது. அந்தப் பிள்ளைக்கு நல்லதாக இருக்கலாம். ஆனால் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் இருந்திருக்க வேண்டிய ஒரு பெயரை அரசே காசு கொடுத்து வெளியே அனுப்புகிறது என்பதும் உண்மை.

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் வந்த தொல்லை இல்லை. 2016-17 கணக்குப்படி நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறத்தாழ 28 விழுக்காட்டில் 30 பேருக்கும் குறைவாகவே படித்தார்கள் என்று தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் அப்போது ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தன.

நம் மாநிலத்தில் இதில் அரசியல் சுமையும் உண்டு. ராஜாஜி காலத்தில் மூடிய பள்ளிகளைக் காமராஜர் திறந்தார், ஒரு மைலுக்கு ஒரு பள்ளி வைத்தார் என்பது இங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. அதனால் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் ‘மூடுகிறோம்’ என்று வாயைத் திறந்து சொல்லாது. 2019-இல் ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன 40-க்கும் மேற்பட்ட பள்ளிகளைத் தற்காலிக நூலகமாக்குகிறோம் என்றுதான் அறிவித்தார்கள். சொல்லாமல் விடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. பள்ளி தானாகவே தேய்ந்து, கடைசிப் பிள்ளையும் மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகும்வரை யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை. அந்தத் தேய்மானத்தில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைகளுக்குத்தான் நட்டம்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இப்போது இருக்கிறபடியே விடுவது

கல்வி உரிமைச் சட்டம் இதை அனுமதிக்கிறது. 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது சட்டத்தின் அட்டவணையிலேயே உள்ள கணக்கு. பதினெட்டுக்கு இரண்டு என்றால் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒருவர். எந்தத் தனியார் பள்ளியும் தராத விகிதம். காகிதத்தில் இது சொர்க்கம்.

நடைமுறையைப் பாருங்கள். ஒன்று, இரண்டாம் வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். மூன்று முதல் ஐந்துவரை அறிவியலும் சமூக அறிவியலும் தனித்தனி. வகுப்பையும் பாடத்தையும் பெருக்கினால் இருபதுக்கும் மேல் வரும். அத்தனையும் இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். விலையில்லாப் பொருள்களை வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து எடுத்து வருவது, எமிஸ், வங்கி வேலை, குறுவள மையப் பயிற்சி, வாக்காளர் பட்டியல் எல்லாம் அவர் தலையில். மற்றவர் தற்செயல் விடுப்பு எடுத்தால் அன்று ஓராசிரியர் பள்ளி. பக்கத்துப் பள்ளியில் ஆளில்லை என்று இவரை மாற்றுப்பணியில் அனுப்பிவிட்டால் அந்த மாதமே ஓராசிரியர் பள்ளி. ஈராசிரியர் பள்ளி என்பது வருடத்தில் பாதி நாள் ஒன்றரை ஆசிரியர் பள்ளிதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்தப் படிவத்திலும் கேட்க மாட்டார்கள். நாலாம் வகுப்பில் ஒரே ஒரு பெண் இருக்கிறாள் என்று வையுங்கள். பேச, சண்டை போட, யார் முதலில் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்க்க, அவளுக்குத் தன் வயதில் யாரும் இல்லை. பல சிறு பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளை ஆறாம் வகுப்பில் நாற்பது பேர் நடுவே போய் உட்கார்ந்ததும் வாயே திறப்பதில்லை. சிறு பள்ளிக்கு ஆதரவாக எழுதுகிறவர்கள் இதைச் சௌகரியமாக விட்டுவிடுகிறார்கள்.

இணைப்பது

இணைப்பின் நல்ல பக்கம் தெளிவானது. வகுப்புக்கு ஒரு ஆசிரியர் கிடைக்கலாம். கபடிக்கு அணி சேரும். ஆண்டு விழாவுக்கு நாடகம் போடலாம். ஒருவர் விடுப்பில் போனால் பள்ளி நொண்டாது. இரண்டு பள்ளிகளும் ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்தால் இதற்கு எதிராகச் சொல்ல அதிகம் இல்லை.

ஊர் விட்டு ஊர் என்றால்தான் சிக்கல். விதிகளின்படி தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும், நடுநிலைக்கு மூன்று கிலோமீட்டர். வரைபடத்தில் அந்த ஒரு கிலோமீட்டர் நேர்கோடு. தரையில் அது நாலுவழிச் சாலையைக் கடக்கலாம், ஐப்பசியில் தண்ணீர் ஓடும் ஓடையைக் கடக்கலாம், கல்குவாரி லாரி போகும் பாதையாக இருக்கலாம். ஆறு வயதுப் பிள்ளையை அதில் தனியாக அனுப்பும் தாய் யாரும் இல்லை.

வண்டி வைக்கலாமே என்பார்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் எளிதில் போய்ச் சேர முடியாத குடியிருப்புகளின் பிள்ளைகளுக்குப் போக்குவரத்து, பாதுகாவலர் வசதிக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 6,000 ரூபாய்வரை இடமிருக்கிறது. பள்ளி நடக்கும் பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதத்துக்கு 600 ரூபாய் என்று வரும். பதினைந்து பிள்ளைகளுக்குச் சேர்த்தால் 9,000. அதற்கு ஆட்டோ கிடைக்கும், ஆனால் ஒரே ஆட்டோவில் பதினைந்து பேரையும் திணிக்கக் கூடாது. பணம் வரத் தாமதமானால் ஓட்டுநர் எத்தனை மாதம் கடனுக்கு ஓட்டுவார்? இதே திட்டத்தின் நிதியில் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தி வைத்தது. யார் பக்கம் நியாயம் என்பது வேறு விவாதம். ஆறு வயதுப் பிள்ளையின் தினசரிப் பயணத்தை இப்படியொரு இழுபறியில் இருக்கும் பணத்தின் மேல் கட்டலாமா என்பதுதான் என் கேள்வி.

காலை உணவை யாரும் யோசிப்பதே இல்லை. 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போன திட்டம். உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, முதல் மணி அடிப்பதற்கு முன்பே கொடுத்து முடிக்க வேண்டும். ஊர்ப் பள்ளி என்றால் பிள்ளை எழுந்து நடந்து வந்து சாப்பிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி என்றால், வண்டி அரைமணி முன்னதாக வந்தால்தான் சாப்பாடு. தாமதமானால் வெறும் வயிறு. இணைப்பு உத்தரவில் வண்டி நேரம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். அது இல்லாவிட்டால் ஒரு வேளைச் சாப்பாட்டைப் பிடுங்கும் உத்தரவு என்றே அர்த்தம்.

சிக்கனம் என்று ஒரு வாதம். இரண்டு ஆசிரியர்களின் சம்பளம் மாதம் 1,20,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பதினெட்டுப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு 6,600 ரூபாய்க்கு மேல் விழுகிறது. கேட்டதும் கை தட்டத் தோன்றும் கணக்கு. ஆனால் பள்ளியை இணைத்தாலும் அந்த இரண்டு பேரும் வேலையில்தான் இருப்பார்கள். உபரி என்று காட்டி, பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போவார்கள். சம்பளம் அதே கருவூலத்திலிருந்துதான். அவர்கள் ஓய்வு பெற்று, அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால்தான் மிச்சம். ஆக இணைப்பு இன்று தருவது ஆசிரியர் மறுபங்கீடு, பணம் மிச்சமாவது பல வருடம் கழித்து. பற்றாக்குறையில் இருக்கும் பள்ளிக்கு ஆசிரியர் கிடைப்பது நல்ல காரியம்தான். அதை அந்தப் பெயரிலேயே சொல்லிச் செய்யட்டும்.

வடக்கே இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். ராஜஸ்தான் 2014-இல் ஏறத்தாழ 17,000 பள்ளிகளை இணைத்தது, எதிர்ப்பு வந்ததும் சிலவற்றைத் திரும்பப் பிரித்தது. உத்தரப் பிரதேசம் 2025 ஜூனில் குறைந்த எண்ணிக்கைப் பள்ளிகளை இணைக்க உத்தரவு போட்டது. சீதாப்பூர் மாவட்டப் பிள்ளைகள் உயர் நீதிமன்றம் போனார்கள். தனி நீதிபதி மனுவைத் தள்ளினார். மேல்முறையீட்டில் இரு நீதிபதி அமர்வு, அந்த மாவட்டத்தில் இருந்த நிலையே தொடரட்டும் என்றது. அதன் பிறகு அரசே, ஒரு கிலோமீட்டருக்கு மேல் தூரம் இருந்தாலும் 50 பேருக்கு மேல் படித்தாலும் இணைப்பு இல்லை என்று இறங்கி வந்தது. இதைத் தொடக்கத்திலேயே எழுதியிருந்தால் வழக்கே வந்திருக்காது.

இதற்கெல்லாம் மேல், பெற்றோரின் கணக்கு வேறு. “எப்படியும் வண்டியில்தான் போகணும்னா, டவுன்ல இருக்கிற இங்கிலீஷ் மீடியத்துக்கே போகட்டுமே” என்பது நியாயமான பேச்சு. ஊர்ப் பள்ளியின் ஒரே பெரிய பலம் அது பக்கத்தில் இருப்பது. அந்தப் பலத்தை எடுத்துவிட்டால், இணைத்த பள்ளிக்குப் பதினெட்டுப் பேரும் போய்ச் சேருவார்கள் என்று எதை வைத்து நம்புவது? வசதி உள்ள வீட்டுப் பிள்ளை தனியாருக்குப் போகும். மிச்சம் உள்ளவர்களில் ஒன்றிரண்டு பேர் ஆடு மேய்க்கும் பாட்டியோடு வீட்டில் இருந்துவிடுவார்கள்.

ஒரே ஊரில் இரண்டு பள்ளி

இதை ஒரு தனி வழியாகச் சொல்ல முடியாது, ஆனால் பேசாமல் கடந்து போகவும் முடியாது. ஊரில் ஒரு ஒன்றியப் பள்ளி, காலனியில் ஒரு ஆதிதிராவிடர் நலப் பள்ளி. நடுவில் அரை கிலோமீட்டர்கூட இல்லை. இரண்டிலும் பதினைந்து, பதினைந்து பேர். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் என்றால் கள்ளர் சமூகப் பிள்ளைகளுக்கென்று தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளியும் உண்டு. எண்ணிக்கைப்படி இணைப்புக்கு இதைவிடப் பொருத்தமான இடமே கிடையாது. 2023-24 வரவு செலவு அறிக்கையில், பல துறைகளின் கீழ் இருக்கும் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக அரசு அறிவித்தது. எதிர்ப்பு பல பக்கமும் கிளம்பியது. நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்றது.

நான் இணைப்பின் பக்கம்தான். பக்கத்துப் பக்கத்துத் தெருப் பிள்ளைகள் பத்து வயதுவரை ஒன்றாக உட்காராமல் வளர்வதற்கு அரசுக் கட்டடமே காரணமாக இருக்கக் கூடாது. ஆனால் எந்தக் கட்டடத்தை வைத்துக்கொள்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. காலனிப் பள்ளியை மூடி ஊர்ப் பள்ளிக்கு வரச் சொன்னால், சில இடங்களில் காலனிப் பிள்ளைகளைப் பின் வரிசைக்குத் தள்ளுவார்கள், சில இடங்களில் ஊர்ப் பிள்ளைகள் வேனுக்கு மாறுவார்கள். காலனிக் கட்டடத்தை வைத்துக்கொண்டால் ஊர்க்காரர்கள் எத்தனை பேர் அனுப்புவார்கள் என்பது அந்த ஊரின் தேர்வு. இரண்டுக்கும் பொதுவான இடத்தில் புதிதாக ஒன்று கட்ட முடிந்தால் செலவைப் பார்க்க வேண்டாம் என்பேன். நலப் பள்ளி என்ற பெயரோடு சேர்ந்து வரும் நிதியும் சலுகைகளும் இணைப்பில் கரைந்துவிடுமோ என்ற பயமும் நியாயமானது. அதை எழுத்தில் உறுதி செய்யாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

சிறு பள்ளியைச் சிறு பள்ளியாகவே நன்றாக நடத்துவது

எனக்குப் பிடித்த வழி இது. அதிகம் மறந்துபோன வழியும் இதுதான்.

ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது குறையாகத் தெரிவதற்குக் காரணம், வகுப்புவாரியாகப் பாடம் நடத்த வேண்டும் என்று நாம் நினைப்பது. அதை விட்டுவிட்டால் கதை மாறும். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கத்தில் ரிஷி வேலிப் பள்ளிக்காரர்கள் 1980-களின் பிற்பகுதியிலிருந்து சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினார்கள். பாடத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்து, ஏணிபோல் வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை தான் நிற்கும் படியிலிருந்து அடுத்த அட்டையை எடுக்கும். சில அட்டைக்கு ஆசிரியர் பக்கத்தில் வேண்டும், சிலவற்றைப் பெரிய பிள்ளை சொல்லிக் கொடுக்கலாம், சிலவற்றைத் தனியாகச் செய்யலாம். அதனால் ஒரே நேரத்தில் ஆசிரியரைத் தேடுவது நாலைந்து பேர்தான். காய்ச்சலில் பத்து நாள் வராத பிள்ளை, திரும்பி வந்ததும் விட்ட அட்டையிலிருந்து தொடரும். கரும்பு வெட்டுக்கும் செங்கல் சூளைக்கும் பெற்றோரோடு போய் வரும் பிள்ளைகள் உள்ள ஊரில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும்.

இதைத்தான் சென்னை மாநகராட்சி 2003-இல் எடுத்து, செயல்வழிக் கற்றல் என்று தன் பள்ளிகளில் கொண்டுவந்தது. 2007-08-இல் மாநிலம் முழுக்கப் போனது. பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், சுவரின் அடியில் ஆளுக்கொரு கரும்பலகை, தோரணமாகத் தொங்கிய படங்கள் எல்லாம் பலருக்கு நினைவிருக்கும். அப்புறம் என்ன ஆனது? நாற்பது பேர் உள்ள வகுப்பிலும் அதையே செய்யச் சொன்னார்கள். அட்டை கிழிந்தால் புதிது வரவில்லை. புத்தகமே இல்லாமல் என்ன படிப்பு என்று பெற்றோர் கேட்டார்கள். 2012-13-இல் வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்துப் பருவத்துக்கொரு புத்தகம் தரும் முப்பருவ முறை வந்தது, அட்டைப் பெட்டி மெல்ல ஓரத்துக்குப் போனது. சின்னப் பள்ளிக்காகப் பிறந்த ஒரு முறையைப் பெரிய பள்ளிகளிலும் திணித்துக் கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டு, இன்று பள்ளிகள் உண்மையிலேயே சிறுத்துப்போன நேரத்தில் அது கையில் இல்லாமல் நிற்கிறோம்.

முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கிறது. இரண்டாசிரியர் பள்ளியில் ஒருவர் ஒன்று முதல் மூன்றுவரை ஒரே கூட்டமாக எடுக்க இது தோதானது. செயலியில் மதிப்பீட்டை ஏற்றுவதிலேயே நேரம் போகிறது என்ற ஆசிரியர்களின் புலம்பல் நியாயமானது. நெட்வொர்க் இல்லாத மலைக் கிராமத்தில் கேட்கவே வேண்டாம். ஆனால் முறையின் எலும்புக்கூடு சரியானது.

வெளியே பார்த்தால் கொலம்பியா. 1970-களில் அங்கே மலைக் கிராமங்களின் சிறு பள்ளிகளுக்காகவே ‘புதிய பள்ளி’ என்ற முறையைத் தொடங்கினார்கள். பல வகுப்பு, ஒரு கூடம், பிள்ளைகளே வேகத்தைத் தீர்மானிக்கும் பாட வழிகாட்டி, பிள்ளைகள் நடத்தும் மாணவர் அவை. 1990-களின் இறுதியில் யுனெஸ்கோ லத்தீன் அமெரிக்க நாடுகளை ஒப்பிட்டபோது, கொலம்பியாவில் கிராமப் பள்ளிகள் பெருநகரம் அல்லாத நகரப் பள்ளிகளை முந்தியிருந்தன. பொதுவாக எந்த நாட்டிலும் நடக்காத காரியம்.

இந்த வழிக்கு விலை உண்டு. பல்வகுப்புக் கற்பித்தலுக்கென்று பயிற்சி பெற்ற, அதே பள்ளியில் நாலைந்து வருடமாவது இருக்கும் ஆசிரியர் வேண்டும். பயிற்சி நிறுவனங்களில் பட்டயம் முடிப்பவர் வகுப்புவாரிப் பள்ளியை மனத்தில் வைத்துத்தான் வெளியே வருகிறார். கலந்தாய்வில் அவர் தேடுவதும் பேருந்து நிற்கும் ஊரைத்தான். இரண்டு பேரில் ஒருவர் மாற்றுப்பணியில் போகக் கூடாது என்ற உறுதியும் வேண்டும். இவை இல்லாமல் ‘சிறு பள்ளியைக் காப்போம்’ என்பது சுவரொட்டி வாசகமாகவே நின்றுவிடும்.

கீழ் வகுப்பு இங்கே, மேல் வகுப்பு அங்கே

மூன்றாம் வகுப்புவரை ஊரிலேயே வைத்துக்கொண்டு, நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை மட்டும் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு அனுப்புவது. ஒன்பது வயதுப் பிள்ளைகள் கூட்டமாக இரண்டு கிலோமீட்டர் நடந்து போக முடியும். அங்கே அவர்களுக்குத் தோழர்களும் கூடுதல் ஆசிரியர்களும் கிடைப்பார்கள். இங்கே அங்கன்வாடிப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டால் மூன்று வயது முதல் எட்டு வயதுவரை ஒரே வளாகம் என்றாகிவிடும். அதாவது, நர்சரி வேன் வரும் வயதிலேயே ஊர்ப் பள்ளியும் கதவைத் திறந்து வைக்கும்.

குறை, இங்கே மிச்சம் இருக்கும் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் போதும் என்று துறை எழுதிவிடும். ஓராசிரியர் பள்ளி உருவாக இதைவிடச் சுலபமான வழி இல்லை. அங்கன்வாடி சமூக நலத் துறையின் கீழ், பள்ளி வேறு துறையின் கீழ். 2019-இல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி. தொடங்கியபோது யார் பாடம் எடுப்பது என்ற கேள்வியிலேயே இழுபறி ஆனது. இருந்தாலும் தார்ச்சாலை உள்ள, ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் இடைவெளி உள்ள ஊர்களுக்கு இந்த வழியைத்தான் முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

பள்ளி வளாகம், பிள்ளைகளைத் திரும்ப இழுப்பது

பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளை ஒரு தொகுப்பாக்கி ஆசிரியரையும் ஆய்வகத்தையும் விளையாட்டுப் பயிற்றுநரையும் பகிர்வது கோத்தாரி தலைமையிலான தேசியக் கல்வி ஆணையம் 1966-லேயே சொன்னது, 2020 கொள்கை திரும்பச் சொல்வது. ஓவியம், உடற்கல்விக்குச் சரிவரும். கீழ் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் ஒருமுறை வந்து போகும் ஆசிரியரால் பெரிய பயன் கிடையாது.

பிள்ளைகளைத் திரும்ப இழுப்பதற்கு எல்லோரும் முதலில் சொல்வது ஆங்கில வழி. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் பரவிய ஆங்கில வழிப் பிரிவு, இரண்டாசிரியர் பள்ளியில் பலகையில் மட்டும்தான் இருக்கும். அதே ஆசிரியர், அதே கூடம், பாதிப் பிள்ளைகள் கையில் வேறு புத்தகம். ஏற்கெனவே ஐந்தாக இருந்த வகுப்பைப் பத்தாக்குவதுதான் மிச்சம். ஆங்கிலத்தை ஒரு மொழியாக நன்றாகப் பேசக் கற்றுக்கொடுத்தாலே பாதிப் பெற்றோர் திரும்பிப் பார்ப்பார்கள். கேரளம் 2017-இல் பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கம் தொடங்கி, கட்டடம், பெற்றோர் பங்கு என்று முழு மூச்சாக இறங்கியது. சில வருடங்கள் சேர்க்கை ஏறியது உண்மை. பிறப்பு குறையக் குறைய ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை மறுபடி இறங்கியதும் உண்மை. வேனில் போன பிள்ளையை அழைத்து வரலாம், பிறக்காத பிள்ளையை அழைத்து வர முடியாது.

எந்த ஊருக்கு எது

அடுத்த பள்ளி கூப்பிடு தூரத்தில் என்றால் இணைப்பு. சாதிப் பிரச்சினை உள்ள ஊரில் எந்தக் கட்டடம் என்பதை இரண்டு தெருவும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த பிறகு இணைப்பு. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர், நல்ல பாதை என்றால் கீழ் வகுப்புகளை வைத்துக்கொண்டு மேல் வகுப்புகளை அனுப்பலாம். மலை, காடு, ஓடை, பெருஞ்சாலை குறுக்கே வந்தால் ஐந்து பிள்ளைகள் இருந்தாலும் பள்ளி இருக்க வேண்டும், இரண்டு ஆசிரியர்களோடு, பல்வகுப்பு முறையோடு. வால்பாறை எஸ்டேட் மாதிரி தொழிலாளர் குடும்பங்களே இறங்கிப் போய்க்கொண்டிருக்கும் இடங்களில் மட்டும் எனக்கு உறுதியான விடை இல்லை. அங்கே பள்ளி சுருங்குவதற்கு முன்பே ஊர் சுருங்கிவிட்டது.

இணைப்புக்குச் சம்மதிக்கும் ஊர், மேலாண்மைக் குழுத் தீர்மானத்தில் சிலவற்றை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வண்டி யாருடையது, பணம் எந்தத் தலைப்பில், காலை எத்தனை மணிக்கு வரும், கூட வரும் பெரியவர் யார். காலை உணவு சமைக்கும் மகளிர் குழுப் பெண்களுக்கு என்ன ஏற்பாடு. ஒரு வருடம் கழித்து, போன பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தப் பள்ளியில் இருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்து, நாலில் ஒருவர் காணாமல் போயிருந்தால் பள்ளியைத் திரும்பத் திறக்க வேண்டும் என்ற நிபந்தனை. கட்டடத்தை என்ன செய்வது. நிலம் யாராவது தானமாகக் கொடுத்தது என்றால் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். பள்ளி இல்லாவிட்டால் நிலம் கொடுத்த குடும்பத்துக்கே திரும்பும் என்றிருந்தால், பிறகு அங்கே நூலகமும் வராது, அங்கன்வாடியும் வராது.

பள்ளி ஜூனில் திறக்கிறது. மே 1 கிராம சபையில் பேசினால் உத்தரவு வந்த பிறகு பேசுவதாகவே இருக்கும். ஜனவரி 26 கிராம சபையிலேயே இதைப் பொருளாகக் கொண்டுவந்து, பாதையை ஒருமுறை எல்லோரும் நடந்து பார்த்து, தீர்மான நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் மாவட்டக் கல்வி அலுவலருக்கும் அனுப்பி, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.